பூச்சுக்குள் ஒரு வாசல்

நான் ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. கல்லூரி மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று வருஷா வருஷம் கேட்பார்கள். நானும் வருஷா வருஷம் மறுப்பேன். போன மாதம் வந்த கடிதத்தில் தலைப்பையும் அவர்களே போட்டிருந்தார்கள்: 'பணிவுடன் சில நினைவுகள்'. என்னிடம் நினைவுகள் நிறைய இருக்கின்றன. பணிவுதான் எப்போதும் கொஞ்சம் தட்டுப்பாடு. அதனால் இந்தத் தடவையும் முடியாது என்று எழுதத்தான் இருந்தேன்.

அதற்குள் நிஸ்ரின் ஓர் அறிக்கையை அனுப்பினார். நிஸ்ரின் எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியின் கட்டட நிர்மாணப் பிரிவில் விரிவுரையாளர். நான் விட்டு வந்த மேசை இப்போது அவருடையது. எட்டு வருஷத்துக்கு முன் எங்கள் மாணவர்கள் மாவடிப்பள்ளியில் வடிவமைத்துக் கட்டிய ஆறு சிறிய வீடுகளை இந்த வருஷ மாணவர்கள் போய் ஆராய்ந்து எழுதிய அறிக்கை அது. பிள்ளைகள் கவனமாகத்தான் செய்திருந்தார்கள். கூரை நன்று, கூரைத் தண்ணீர் வடிகிற பீலி நன்று, மழைத்தண்ணீர்த் தொட்டி நன்று. நாலாம் வீட்டுக்கு வந்ததும் எனக்கு இரத்தம் கொதித்தது. "நடையின் முடிவிலுள்ள பின்சுவரில், பூச்சில் கதவின் அளவுக்கு மயிர்வெடிப்பு. தட்டிப் பார்த்ததில் உள்ளே வேறு சாந்து. கட்டுமானப் பிழை. வெடிப்பின் வழியாகச் சீமெந்துக் கரைசல் செலுத்தி நிரந்தரமாக மூட வேண்டும்." அடுத்த மாதமே திருத்த வேலை தொடங்குமாம்.

ஆகவே எழுதுகிறேன். அது பிழை அல்ல. அதைச் செய்தது நான். அதை மூடக் கூடாது. இந்த மூன்றையும் விளங்கச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

நான் கட்டடப் படம் கீறப் படித்த கதையைச் சுருக்கிவிடலாம். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பலகைக்கு மேல் குனிந்து கீறும்போது முக்காடு மட்டக்கோலில் மாட்டும் என்று ஒரு மாஸ்டர் மிகவும் கவலைப்பட்டார். ஒரு தடவைகூட மாட்டவில்லை. அவருடைய சட்டைக் கைதான் மைப்போத்தலைத் தட்டிவிட்டது. படித்து முடித்ததும் ஓர் அலுவலகத்தில் படவரைஞராகச் சேர்ந்தேன். மேலதிகாரிகள் கீறியதை மெல்லிய தாளில் படியெடுக்கிற வேலை. பிளானின் மூலையில் 'கீறியவர்' என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் என் முதலெழுத்து மட்டும் இருக்கும், மற்ற எல்லாக் கட்டங்களிலும் வேறு ஆட்களின் கையெழுத்து.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த பிறகு எங்கள் கரையோரம் முழுக்க வீட்டுத் திட்டங்கள் வந்தன. ஒரே பிளானைத் திரும்பத் திரும்பக் கீறினேன். வளவின் நட்டநடுவில் வீடு, நாலு பக்கமும் சமமாக நிலம். தாளில் பார்க்க அழகாக இருக்கும். சனங்கள் குடிபோய் இரண்டு வருஷத்துக்குள் அந்த வீடுகளின் பின்னால் தகரமும் பலகையும் வைத்துச் சாய்ப்பு இறக்கத் தொடங்கினார்கள். அதற்கு அலுவலகம் வைத்த பெயர் 'அனுமதியற்ற நிர்மாணம்'. அளந்து வரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள். நாடாவோடு போய் நின்ற என்னை ஒரு மனுசி கதிரையில் இருத்தித் தேநீர் தந்தார். பிறகு அமைதியாக, "இத அளந்து என்ன செய்யப் போறீங்க மகள்?" என்று கேட்டார். தேநீரைக் குடித்துவிட்டு, அளந்து எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. அந்த மனுசி ஏன் சாய்ப்பு இறக்கினார் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பிறகு தொழில்நுட்பக் கல்லூரிக்கு வந்தேன். அங்கே பிரிவுத் தலைவர் சேவியர் சேர். கல்முனைக் கத்தோலிக்கர், அளந்து கதைக்கிற மனுசன், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில்கள் இருக்கும். மாணவர் பிளானைக் கொண்டுபோனால் 'பிழை' என்று ஒரு நாளும் சொல்ல மாட்டார். தாளை மாணவர் பக்கம் திருப்பி வைத்து, கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, "வாளியோட வாங்க" என்பார். கிணற்றிலிருந்தோ குழாயிலிருந்தோ ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு சமைக்கிற குசினிக்கு வருவதாக நினைத்துப் பென்சில் நுனியைப் பிளானில் நகர்த்த வேண்டும். பென்சில் போய்க் கதவில் முட்டும், அல்லது படுத்திருக்கிற ஆளின் தலைமாட்டால் போகும். முட்டினதும் மாணவருக்கே விளங்கிவிடும். சேர் மற்றப் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பார்.

அவருக்கு இன்னொரு பிடிவாதம் இருந்தது, தமிழில். கடிதத்தில் ஒருமை பன்மை மாறிவிட்டால் சிவப்புப் பேனையை எடுத்துவிடுவார். சுவர் கோணலாக இருந்தால் இடித்துக் கட்டலாம், கடிதம் கோணலாகப் போனால் திரும்பி வராது என்பது அவருடைய வாதம். விதிகளிலும் அப்படித்தான். ஒப்புதல் இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்க விடமாட்டார். நாங்கள் இரண்டு பேரும் மாதத்துக்கு ஒரு தடவையாவது முட்டிக்கொள்வோம். அவர் குரலை உயர்த்த மாட்டார், நான் தாழ்த்த மாட்டேன்.

மாவடிப்பள்ளி வேலை வந்தது இப்படி. வயலோரத்தில் தகரக் கொட்டில்களில் ஆறு குடும்பங்கள் இருந்தன. மாரி வெள்ளம் வந்தால் சட்டி பானையோடு பாடசாலைக்கு ஓட வேண்டும், வடிந்ததும் திரும்பி வந்து சேற்றை வாரி எறிய வேண்டும். அவர்களுக்குச் சிறிய வீடுகளை மாணவர்களே வடிவமைத்து, மாணவர்களே மேசன்மாரோடு நின்று கட்ட வேண்டும் என்று ஓர் உதவி நிறுவனம் முன்வந்தது. குறைந்த பொருள், குறைந்த இடம், சூழலுக்குக் கேடில்லாத முறை. நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தலைநகரில் யாரோ தமிழாக்கி அச்சடித்து அனுப்பிய பதாகையில் 'சின்ன வீடு செயற்றிட்டம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதைக் கட்டிய நாள் சந்தியில் நின்ற ஓட்டோக்காரர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. எந்தெந்த ஹாஜியாருக்கு ஒவ்வொன்று என்று அவர்கள் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அன்றைக்கே அதைக் கழற்றி, மறுபக்கத்தில் 'சிறிய வீடுகள்' என்று எழுதிக் கட்டினேன்.

மாணவர்களில் முன்னுக்கு நின்றவர்கள் இரண்டு பேர். ஸஹ்லா சாய்ந்தமருதுப் பிள்ளை, கேள்வி கேட்டால் பதில் வரும்வரை விடமாட்டாள். தர்ஷன் வினாயகபுரத்து மீன்பிடிக் குடும்பம், கை வேலையில் சூரன். அரிசி ஆலைகளில் குவிந்து கிடக்கிற உமிச்சாம்பலைக் கிறவல் மண்ணோடும் கொஞ்சம் சீமெந்தோடும் கலந்து, நெம்புகோல் பெட்டியில் அமுக்கிக் கல் செய்து காட்டியவன் அவன்தான். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். இருபத்தெட்டு நாள் ஈரச் சாக்குப் போட்டு வைத்தால் போதும். வெள்ளம் ஏறாமல் மூன்றடி உயர அத்திவாரம். முன்னால் ஒரு சிறு ஹோல், பக்கத்தில் ஓர் அறை, பின்னால் ஒரு குறுகிய நடை, நடையின் இரு பக்கமும் குசினியும் மலசலகூடமும். எல்லாமாக இருநூற்றெண்பது சதுர அடி. இந்த மூலையில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யலாம், இந்த இடத்தில் இரண்டு பேர் நின்று தொழலாம், மலசலகூடம் தொழும் திசையான கிப்லாவைப் பார்க்காது, வந்த ஆட்கள் முன்னால் இருக்கப் பெண்கள் குசினிக்குப் போய்வரலாம். எல்லாவற்றையும் பிள்ளைகள் யோசித்திருந்தார்கள். வாளியோடு போய்ப் பார்த்தேன், எங்கும் முட்டவில்லை. சேவியர் சேரும் பார்த்தார், அவர் பென்சிலும் முட்டவில்லை. உதவி நிறுவனம் ஒப்புதல் தந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

எந்தப் பிளானையும் தரையில் போட்டு, இருக்கப் போகிற ஆட்களை உள்ளே விட்டுப் பார்க்காமல் சேர் வேலை தொடங்க மாட்டார். அந்த முறையை இங்கே எழுதி வைக்கிறேன், இப்போது கணினியில் வீட்டைச் சுழற்றிக் காட்டுவதால் அதை விட்டுவிட்டதாகக் கேள்வி. முதலில் ஒரு மூலைக்குக் குற்றி அடிக்க வேண்டும். நூலைக் கட்டி ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி அடையாளம் வைத்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால்தான் மூலை சரி. பிறகு சுண்ணாம்புத் தூளைத் தகரப் பேணியில் போட்டு நூலோரமாகத் தட்டிக்கொண்டு போக வேண்டும். சுவருக்கு இரட்டைக் கோடு, கதவு வருகிற இடத்தில் கோடு இல்லை. முடிந்ததும் பாய், அடுப்பு, வாளி எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்து, குடும்பத்தை உள்ளே விட்டுவிட்டு நாங்கள் வெளியே நிற்க வேண்டும். கோட்டை மிதிக்கக் கூடாது, கதவால்தான் போய்வர வேண்டும்.

அன்றைக்குப் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஆறு குடும்பமும் கல்லூரி முற்றத்துக்கு வந்தன. சுண்ணாம்பு வீட்டுக்குள் முதலில் போனவர் ரஹ்மத்தும்மா. புருஷன் மௌத்தாகி விதவையாக நாலு வருஷம், இரண்டு பெண்பிள்ளைகள், வெட்டுக் காலத்தில் வயலில் கதிர் பொறுக்குவார், மற்ற நாளில் இடியப்பம் அவித்துக் கொடுப்பார். மூத்தவள் ஸாஜிதாவுக்கு அப்போது கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். ரஹ்மத்தும்மா சுண்ணாம்புக் குசினியில் குந்தி இருந்து பார்த்தார், நடையால் நடந்து பார்த்தார், அறையில் பாயை விரித்து நீட்டி நிமிர்ந்து படுத்தும் பார்த்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் எழும்பி, நடையின் முடிவில் போய் நின்று, பின்சுவர்க் கோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஊடு நல்லாத்தான் இரிக்கி மகள். காத்து வருது, தண்ணியும் ஏறாது. ஆனா மூத்தவள்ற கலியாணம் முடிஞ்சா இத அவளுக்குக் குடுத்துட்டு நானும் சின்னவளும் எங்க போற?"

வெளியூர்க்காரர் வாசித்தால் இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பார்கள். எங்கள் பக்கம் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு. தாயும் தகப்பனும் மிச்சப் பிள்ளைகளோடு பின்னால் குசினிப் பக்கம் ஒதுங்கி, அங்கே ஓர் அறையைப் போட்டுக்கொண்டு, அடுத்த மகளுக்கு வீடு எழுப்பத் தொடங்குவார்கள். அலுவலகக் காலத்தில் எனக்குத் தேநீர் தந்த மனுசியும் அதைத்தான் செய்திருக்கிறார். நாலு பக்கமும் முடிந்துபோன வீடு எங்கள் ஊரில் ஒரு கலியாணத்தோடு தாயைத் தெருவில் விட்டுவிடும்.

ஸஹ்லாவின் முகம் வெளிறிவிட்டது. "எங்கட உம்மா எனக்கு ஊட்டத் தாறதுக்காகப் பின்னால கட்டிக்கிட்டு இரிக்காங்க, மிஸ். அந்தச் சத்தத்துக்குள்ள இருந்துதான் நான் இந்தப் பிளானக் கீறின" என்றாள். தர்ஷன் மெதுவாக, தங்கள் பக்கமும் அப்படித்தான், தன் அக்காவின் வீட்டுப் பின்பக்கத்தில்தான் தாங்கள் இருப்பதாகச் சொன்னான். நான் மட்டும் எங்கே இருக்கிறேன்? என் உம்மா எனக்குத் தந்த வீட்டில். அந்த முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் அப்படி ஒரு வீட்டிலிருந்து எழும்பி வந்தவர்கள். புத்தகத்து வீட்டைக் கீறும்போது எல்லோரும் சொந்த வீட்டை மறந்துவிட்டோம். வாளியைத் தூக்கிக்கொண்டு போனோம், ஒரு மகளுக்கு வயது வந்தால் என்ன நடக்கும் என்று போய்ப் பார்க்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சீதனம் என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டார் பட்டியல் நீட்டுவதை நான் வாழ்நாள் முழுக்க எதிர்த்திருக்கிறேன், இனியும் எதிர்ப்பேன். ஆனால் வீடு பெண்ணுடையது என்பது வேறு விஷயம். எங்கள் ஊரில் கோபம் வந்தால் புருஷன்தான் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போக வேண்டும், பெண்ணைப் பார்த்து என் வீட்டை விட்டுப் போ என்று யாரும் சொல்லேலாது. அதை இழக்க நான் தயாராக இல்லை.

பிள்ளைகள் ஒரு வாரத்தில் தீர்வைக் கீறிக்கொண்டு வந்தார்கள். வீட்டை வளவின் நடுவிலிருந்து முன்னால் தள்ளினால் பின்னால் ஓர் அறைக்கு நிலம் கிடைக்கும். குற்றியை எங்கே அடிப்பது எங்கள் பொறுப்பு என்பதால் அதற்கு யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அடுத்தது வாசல். பின்னால் அறை போட்டுக்கொண்டு போகிற தாய், மகளின் அறைக்குள்ளால் நடக்காமல் குசினிக்கும் மலசலகூடத்துக்கும் வர, நடையின் முடிவில் ஒரு வாசல் வேண்டும். பிறகு உடைத்துக்கொள்ளலாம் என்று விடவும் ஏலாது. மண்கல் சுவர் அது. மேலே பாரத்தைத் தாங்க லிண்டல், அதாவது கொங்கிறீட் உத்தரம், இல்லாமல் கதவளவு ஓட்டை போட்டால் கூரையோடு இறங்கிவிடும். ஆகவே கட்டும்போதே லிண்டலை வைத்து, கீழே தற்காலிகமாகக் கல் அடுக்கி மூடி வைக்க வேண்டும்.

இதை எழுதி உதவி நிறுவனத்துக்கு அனுப்பினோம். திட்ட இணைப்பாளர் மரியாதையாகத்தான் பதில் எழுதினார். ஒப்புதல் கொடுத்த பிளானில் மாற்றம் முடியாது, பிற்கால விரிவாக்கத்தைத் தாங்கள் ஊக்குவிப்பதில்லை, சிறிய வீடு சிறிய வீடாகவே இருப்பதுதான் திட்டத்தின் நோக்கம். அந்தக் கடைசி வரியை நான் மூன்று தரம் வாசித்தேன். ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகள் வளரக் கூடாது என்றும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

சேவியர் சேரிடம் போனேன். கடிதத்தை வாசித்து மடித்து வைத்தார். "கடிதத்தில இல்லாதத சுவரில வைக்கேலாது, மிஸ்" என்றார். அப்படியென்றால் ரஹ்மத்தும்மாவிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றேன். அவர் பென்சிலைச் சீவத் தொடங்கினார். நான் கதவைச் சாத்திய சத்தம் பக்கத்து வகுப்புக்குக் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

அடுத்த வாரம் முதலாம் வீட்டுப் பின்சுவர் எழும்பத் தொடங்கியது. மீராசா பாஸ் என்று மூத்த மேசன். அவரையும் மாணவர்களையும் கூப்பிட்டு, நடையின் முடிவில் மூன்றடி இடைவெளி விட்டு, ஆறரை அடியில் லிண்டலைப் போடச் சொன்னேன். பிள்ளைகளிடம் இது என் கட்டளை, உங்கள் பெயர் எங்கும் வராது என்றேன். பிளானைக் கீறியது தாங்கள் என்று ஸஹ்லா வாதாடினாள். கேட்க மறுத்தேன், அவர்களுக்குச் சான்றிதழ் வர வேண்டியிருந்தது.

வேலை நடந்த விதம் இது. நாலரை அடி நீளமான லிண்டல், இரு பக்கமும் ஒன்பது அங்குலம் சுவரில் ஏறி இருக்கும். அதற்குக் கீழே மூன்றடி அகலத்துக்குக் கல் அடுக்கினோம். வழக்கமாக ஒரு வரிசைக் கல்லின் மூட்டை மேல் வரிசைக் கல் மூடும், அப்போதுதான் சுவர் ஒன்றோடொன்று பிடிக்கும். இங்கே வேண்டுமென்றே பிடிக்க விடவில்லை. இரு ஓரத்திலும் மேலிருந்து கீழ்வரை நேர்மூட்டு, நடுவில் சீமெந்துச் சாந்துக்குப் பதிலாக வெறும் களிமண் சாந்து. பிறகு எல்லாவற்றுக்கும் மேலால் ஒரே பூச்சு. ஒரு நாள் யாரோ பூச்சைக் கொத்தினால் கல் கல்லாகக் கையால் எடுத்துவிடலாம், சுவர் அசையாது. மீராசா பாஸ் கரண்டியைத் துடைத்துக்கொண்டு, "முப்பது வருஷமா ஊட்டுக்கு வாசல் வச்சிருக்கன், மிஸ். வாசல ஒளிச்சு வைக்கிற இதுதான் முதல் தரம்" என்றார்.

ஒளித்தேன்தான். ஆனால் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் செய்த வேலையை எழுதுகிற வேலைத்தளக் குறிப்பேட்டில் அன்றைக்கு என் கையால் எழுதினேன்: "பின்சுவரில், பிற்காலத்தில் திறப்பதற்காக, லிண்டலுடன் வாசல் வைத்து மூடப்பட்டது. பொறுப்பு: நான்." கீழே முழுக் கையெழுத்து. முதலெழுத்து மட்டும் போட்ட காலம் முடிந்துவிட்டது. ஆறு வீட்டுக்கும் ஆறு தரம் எழுதினேன். அந்தக் குறிப்பேட்டை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். யாரும் வாசிக்க மாட்டார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

பூச்சு முடிந்து பத்தாம் நாள் இணைப்பாளர் பார்வையிட வந்தார். நான் ஒன்றை மறந்துவிட்டேன். களிமண் சாந்து ஈரத்தை விடாது. சுவர் முழுக்கக் காய்ந்து வெளுத்திருக்க, ரஹ்மத்தும்மா வீட்டு நடையின் முடிவில் மட்டும் பூச்சு கறுத்துக் கிடந்தது. மூன்றடி அகலம், ஆறரை அடி உயரம். சின்னப் பிள்ளையிடம் கேட்டாலும் கதவு என்று சொல்லும். இணைப்பாளர் அதற்கு முன்னால் போய் நின்று, இந்த ஈரம் என்ன என்று கேட்டார். ஸஹ்லா என்னைப் பார்த்தாள். ரஹ்மத்தும்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார், கையில் இடியப்பத் தட்டு. அன்றைக்கு உண்மை வெளிவந்திருந்தால் ஆறு வீட்டிலும் அந்தச் சுவர் இடிபட்டு, சீமெந்தால் எழும்பியிருக்கும். ஸாஜிதாவின் கலியாணத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன், என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் தெரியாது.

சேவியர் சேர் முன்னால் வந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தன் வழக்கமான குரலில், "களி கலந்த இடம். காய நாள் எடுக்கும்" என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இணைப்பாளர் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மறுநாள் சேர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் குறிப்பேடு திறந்து கிடந்தது. அந்த ஆறு பக்கத்தையும் அவர் எப்போதோ வாசித்திருக்கிறார். வாசித்துவிட்டு எனக்கு ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறார். சிவப்புப் பேனையை எடுத்து, "இதில ஒரு ஒருமை பன்மைப் பிழை இருக்கு, மிஸ்" என்றார். 'பொறுப்பு: நான்' என்பதில் 'நான்' என்பதை வெட்டி, மேலே 'நாங்கள்' என்று எழுதி, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். ஆறு பக்கத்திலும். அந்த மனுசனோடு பதினொரு வருஷம் சண்டை பிடித்திருக்கிறேன், அன்றைக்கு மட்டும் அவருடைய பென்சிலை எடுத்து நானே சீவிக் கொடுத்தேன்.

ஸாஜிதாவின் கலியாணத்துக்கு முதல் வாரம் பின்னால் அறை எழும்பியதும் மீராசா பாஸே வந்து பூச்சைக் கொத்தினார். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு தொடங்கி அசருக்கு முன் முடிந்தது. எடுத்த கல்லில் ஒன்றுகூட உடையவில்லை, அவற்றையே புது அறைக்குப் படியாக வைத்தார்கள். தூசி அடங்கியதும் ரஹ்மத்தும்மா அந்த வாசலால் பின்னுக்குப் போய், திரும்பி முன்னுக்கு வந்து, மறுபடியும் போனார். என்னிடம் நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. "எங்கட ஊட்டுலயே இருந்து எங்கட ஊட்டுக்கே போறன், மிஸ்" என்றார். எனக்கு அது போதும்.

அந்தச் செய்தி நிறுவனத்துக்குப் போகாமல் இருக்குமா? விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் தந்தால் விஷயத்தை முடித்துவிடலாம் என்றார்கள். தவறுதலாக நடந்தது என்று ஒரு வரி எழுதினாலும் போதுமாம். தவறுதலாக யாராவது ஆறு லிண்டல் போடுவார்களா என்று கேட்டேன். குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன். ஆட்கள் குடிபோன வீட்டுச் சுவர்களை இடிக்க அவர்களும் துணியவில்லை. எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. சேருக்கும் ஓய்வு பெறும் நாளில் வைக்கிற பிரியாவிடைக் கூட்டம் வைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கன்ரீனில் தேநீர் குடித்துவிட்டு, அங்கேயும் ஏதோ ஒரு கடிதத்தைப் பற்றிச் சண்டை பிடித்துவிட்டுப் பிரிந்தோம்.

இப்போது நாலு வீடுகளில் வாசல் திறந்துவிட்டது. மிச்சம் இரண்டு. அதில் ஒன்றுதான் உங்கள் அறிக்கையின் நாலாம் வீடு. நேர்மூட்டு உள்ளே இருப்பதால் வருஷம் போகப் போகப் பூச்சில் கதவின் உருவம் தெரியத்தான் செய்யும். அந்த வீட்டுப் பிள்ளை ஹம்தா ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் படிக்கட்டும், யாருக்கும் அவசரமில்லை. கலியாணம் முடிக்கட்டும், முடிக்காமல் இருக்கட்டும், தானே கட்டடம் கட்டுகிற ஆளாக வரட்டும். எப்படியானாலும் அந்த வீடு அவளோடு சேர்ந்து பெருக வேண்டும். அதற்குள் சீமெந்துக் கரைசலை இறக்கினால் களிமண் எல்லாம் கல்லாகி, அந்த வாசல் பிறகு ஒரு நாளும் திறக்காது.

நிஸ்ரின், அந்தக் குறிப்பேடு பச்சை அலுமாரியின் கீழ்த் தட்டில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுங்கள். அறிக்கையில் 'கட்டுமானப் பிழை' என்பதை வெட்டிவிட்டு 'வாசல்' என்று எழுதச் சொல்லுங்கள்.

நேற்று ஹம்தாவின் உம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். அறிக்கையைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. "நாலு மூட்ட நெல்ல அதுக்கு முன்னால அடுக்கி வச்சிட்டன், மிஸ். எடுத்துப் போட்டுட்டு மூடட்டும் பாப்பம்" என்றார். அந்த மூட்டைகளுக்கு முன்னால் ஒரு கதிரையும் போட்டு வைக்கச் சொன்னேன். அடுத்த மாதம் அதில் நான் இருப்பேன். வருகிறவர்கள் நாடாவோடு வரட்டும், கரைசல் வாளியோடு வரட்டும், தேநீர் தருவேன். எழும்ப மாட்டேன்.